முன் பிரேக்குக்குப் போட்ட வெள்ளைக் குழாய்

என் பிள்ளைக்கு,

இந்தக் கிழமை மூன்று தரம் உனக்கு அழைப்பு எடுத்தேன். மூன்று தரமும் ஒரே விஷயத்தைச் சொல்லத்தான் எடுத்தேன். முதல் தரம் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்தேன். இரண்டாம் தரம் அம்மாவின் முழங்கால் நோ. மூன்றாம் தரம் முருங்கையில் மசுக்குட்டிப் புழு பிடித்த கதை. அந்த மூன்றாம் தரம் நீயே கேட்டாய், "அப்பா, வேறை ஏதோ சொல்ல வாறியள் போலை கிடக்கு, என்ன?" என்று. "ஒண்டுமில்லைப் பிள்ளை, சும்மா எடுத்தனான்" என்றேன். வாய்க்கு வராதது கைக்காவது வருகிறதா பார்ப்போம் என்று இப்போது விறாந்தை மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ தெரியாது. உனக்கோ அடுத்த மாதம் கார் ஓட்டச் சோதனை. அதற்கு முன்னால் நீ இதை வாசித்தாக வேண்டும். அதனால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். கடைசிப் பக்கம் வரும்வரை எனக்கு அழைப்பு எடுக்காதே. உன் குரலைக் கேட்டால் மறுபடியும் மசுக்குட்டிக்குப் போய்விடுவேன்.

விஷயம் உன் சைக்கிளில் தொடங்குகிறது. போன மாதம் நிரூபன் எனக்குத் தனியாக எடுத்தார். கலியாணம் முடித்து நீ கனடாவுக்குப் போன பிறகு மருமகன் என்னோடு தனியாகக் கதைத்தது அதுதான் முதல் தரம், அதனால் கொஞ்சம் பயந்துவிட்டேன். அவர் கேட்டது சின்ன உதவி. ஓகஸ்ட்டில் நீங்கள் இரண்டு பேரும் வரும்போது, உள்ளறையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும் உன் ரேஸ் சைக்கிளை ஓடக்கூடிய மாதிரி ஆக்கி வைக்க வேண்டுமாம். "ரயர் நான் கொண்டு வாறன் மாமா. நீங்கள் பிரேக் வயர், கியர் வயர், வயருக்கு மேலை போடுற குழாய் எல்லாத்தையும் புதுசா மாத்தி வையுங்கோ. பழசு கறள் பிடிச்சுக் கிடக்கும்" என்றார். சனி ஞாயிறு சைக்கிளில் திரிகிற மனிதர், விவரம் தெரிந்தவர். சரி, தானே ஓடத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "உங்கடை உயரத்துக்கு அது காணாது தம்பி" என்றேன்.

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கில்லை மாமா, அவவுக்கு. இஞ்சை சைக்கிளைத் தொடவும் மாட்டன் எண்டு நிக்கிறா. கார் பழகப் போனாலும் அதே கதைதான். எல்லாம் வடிவா ஓடுவா, ஒரு அவசரம் எண்டால் மட்டும் கால் விறைச்சுப் போயிடுது. நாலு தரம் சோதினையிலை திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். கேட்டால், 'நான் அவசரத்திலை பிரேக் பிடிக்கத் தெரியாத ஆள், அப்பாவைக் கேட்டுப் பாருங்கோ, அவருக்குத் தெரியும்' எண்டு சொல்லுறா. மெய்யே மாமா?" அவர் பகிடியாகத்தான் கேட்டார். "அம்மா ஏதோ கதைக்க வேணுமாம் தம்பி" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். நீ விடியக் காலமை பனிக்குள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் போனால் புத்தகம் வாசிக்கலாம் என்று நீ சொன்னதை நான் நம்பியிருந்தேன். நம்பியிருந்தேன் என்பதைவிட, அது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த நாள் காலமை மருதனார்மடத்துக்குப் போனேன். சந்தைக்குக் கிட்ட இருக்கும் சைக்கிள் கடையில் இப்போது ரேஸ் சைக்கிள் சாமான்களும் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், பொறுமைசாலி. இரண்டு வயரையும் கண்ணாடி மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிரேக்குக்கு மொத்தமான வயர், கியருக்கு மெல்லியது. பிரேக் வயரின் தலையிலும் இரண்டு வகை உண்டு. சாதாரணச் சைக்கிளுக்குச் சின்ன உருளை மாதிரி. வளைந்த பிடி உள்ள ரேஸ் சைக்கிளுக்கு ஒரு பக்கம் பருத்த தலை, கொய்யாப் பிஞ்சு மாதிரி. தலை மாறினால் பிடிக்குள் சரியாக இருக்காது. கறள் ஏறாத வயராகத் தரச் சொன்னேன். "ஓம் அண்ணை, எங்கடை உப்புக் காத்துக்கு உதுதான் நிண்டு பிடிக்கும்" என்றார். இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இனி உன் சைக்கிளுக்கு எந்தச் சாமானையும் என்னை நம்பி விடாதே, நீயே பார்த்து எடு. பிறகு அவர் குழாய்ச் சுருள்கள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நறுக்கி, வெட்டிய முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை. பிரேக் குழாய்க்குள்ளை தட்டைக் கம்பி சுருளாச் சுத்திக் கிடக்கு. கியர்க் குழாய்க்குள்ளை மெல்லிய கம்பியள் நீட்டு வாக்கிலை, ஈர்க்குக் கட்டு மாதிரி. வெளியிலை பாத்தால் ரெண்டும் ஒண்டுதான். மாறிப் போட்டிடாதேங்கோ. கியர்க் குழாயைப் பிரேக்குக்குப் போட்டால் சும்மா பிடிக்கேக்கை ஒண்டும் செய்யாது. ஒரு நாளைக்கு இறுக்கிப் பிடிக்கேக்கை வெடிக்கும். பிறகு பிரேக் இல்லை."

"தெரியும் தம்பி" என்றேன். "தெரிஞ்சால் சரி" என்று பொதி செய்து தந்தார். பொதியை வாங்கிக்கொண்டு வந்து ஆஞ்சநேயர் கோவில் பக்கத்து நிழலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகு நேரம் நின்றேன். தெரிந்தவர் ஒருவர் போகும்போது, "என்ன, சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் இஞ்சை கோவிலிலை நேத்தியோ?" என்று பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனிச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நீ விழுந்த அந்தப் போட்டிக்கு முதல் நாள், உன் முன் பிரேக்குக்கு நான் போட்டது கியர்க் குழாய். அது வெடித்ததால்தான் நீ விழுந்தாய்.

இந்த இடத்தில் கொப்பியை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். தொடர்கிறேன்.

உன் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும், ஆனால் எப்படி அப்படி ஆனேன் என்று முழுக்கச் சொன்னதில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஃபக்டரியில் இயந்திரம் திருத்தும் பிற்றராக இருந்தபோது நான் ஒழுங்கான வேலைக்காரன். பத்தாம் இலக்கப் போல்ற் போட வேண்டிய இடத்தில் பத்தாம் இலக்கம்தான் போடுவேன். இல்லையென்றால் ஸ்ரோருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். சண்டை வந்து ஃபக்டரி மூடி, நாங்கள் அங்கும் இங்குமாக அலைந்து சண்டிலிப்பாயில் வந்து ஒதுங்கிய பிறகுதான் மாறினேன். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சைக்கிள் சாமான் இல்லை. தோட்டக்காரர்கள் பழுதான தண்ணீர் பம்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நிற்பார்கள். புகையிலை வாடிக்கொண்டிருக்கும்போது அந்த மனிதரிடம் சாமான் இல்லை என்று எப்படிச் சொல்வது? செருப்பு வாரில் வாஷர் வெட்டினேன். பழைய ரயரில் பிரேக் கட்டை செய்தேன். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினேன். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று தோட்டக்காரர்கள் என்னைப் பற்றிச் சொன்னார்கள், நானும் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தேன். அந்த நாளில் அது உதவி. தடை போய், கடைகள் திறந்து, எல்லாச் சாமானும் வந்த பிறகும் நான் அதை விடவில்லை. கடைக்குப் போய்ச் சரியான சாமான் வாங்குவது தோற்றுப்போன மாதிரி இருந்தது எனக்கு. அம்மா ஒரு நாள், "இஞ்சேருங்கோ, கடை கிடக்கெல்லே, அந்தக் குக்கருக்கு ஒரு வாஷர் வேண்டிப் போட்டால் என்ன?" என்று கேட்டதற்கு ஒரு முழு நாள் அவளோடு கதைக்காமல் இருந்தேன். பெருமைதான், வேறொன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமையை நினைத்துப் பார். உனக்குப் பதினெட்டு வயது. பெரியப்பா பிரான்சிலிருந்து அனுப்பிய வெள்ளை ரேஸ் சைக்கிளை அடுத்த நாள் போட்டிக்காகக் கிணற்றடியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாய். பிடிக்குக் கிட்ட முன் பிரேக் குழாயின் தோல் பிளந்து கம்பி தெரிந்ததை நீதான் கண்டுபிடித்தாய். "நான் ஓடிப் போய் மருதனார்மடத்திலை ஒண்டு வேண்டிக்கொண்டு வாறன் அப்பா" என்று செருப்பையும் போட்டுவிட்டாய். நான் விடவில்லை. பெரியப்பா சைக்கிளோடு அனுப்பிய பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் குழாய் மிச்சம் கிடந்தது. சைக்கிளின் நிறத்துக்குப் பொருத்தமாக, அழகாக இருந்தது. அதை எடுத்து அளந்தேன்.

"அப்பா, உது கியருக்குப் போடுறதெல்லே? பெட்டியிலை அப்பிடித்தான் படம் போட்டிருந்தது."

"ஆருக்குப் படிப்பிக்கிறாய்? ஃபக்டரியிலை பாரம் தூக்குற கிறேனுக்கு வயர் மாத்தினவன் நான். எனக்குச் சைக்கிளுக்கு மாத்தத் தெரியாதோ?"

நீ போட்ட செருப்பைக் கழற்றி வைத்தாய். கிறேன் என்ற சொல்லுக்கு முன்னால் பதினெட்டு வயதுப் பிள்ளை என்னத்தைச் சொல்லும். நான் குழாயை வெட்டினேன். வெட்டிய முகத்தில் சுருள் இல்லை, கம்பிகள் நேர் நேராக நின்றன. தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் தெரியும். சுற்றிப் பிடிக்கச் சுருள் இல்லாத குழாய், உள்ளே பலமாக இழுக்கும்போது பிதுங்கும் என்று ஒரு பிற்றருக்குத் தெரியாமல் இருக்காது. என் கை ஒரு கணம் நின்றது. கடைக்குப் போய்வரக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆனால் கிறேன் கதையை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன், உடனே எழும்பிக் கடைக்குப் போனால் உனக்கு முன்னால் என்ன மரியாதை என்று நினைத்தேன். குழாய் மெல்லியது, பிரேக் பிடியின் துளைக்குள் ஆடியது. அதற்கும் இன்சுலேஷன் டேப் சுற்றி இறுக்கினேன். நீ வளவுக்குள் இரண்டு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "முன்னையிலும் இறுக்கமாப் பிடிக்குது அப்பா!" என்றாய். உண்மைதான், அந்தக் குழாயின் குணம் அது. மெதுவாகப் பிடிக்கும்போது நல்ல இறுக்கமாக இருக்கும். உன் முகத்தில் சந்தோசத்தைப் பார்த்ததும் நானும் என் சந்தேகத்தை மறந்தேன்.

அடுத்த நாள் நான் போட்டி முடியும் இடத்தில் குடையோடு நின்றேன். மூன்றாவதாக வந்துகொண்டிருக்கிறாய் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிறகு உன் இலக்கத்தைச் சொல்லவேயில்லை. யாரோ வந்து தோளைத் தட்டி, "உங்கடை மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டினம், பயப்பிட ஒண்டுமில்லை" என்றார்கள். புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வீதி வளையும் இடத்தில் கட்டறுத்த நாம்பன் மாடு ஒன்று குறுக்கே பாய்ந்ததாம். காறை எலும்பும் முழங்கையும் உடைந்து நீ கட்டிலில் கிடந்தாய். உனக்குப் பக்கத்தில் அம்மாவை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுக்க நான் போனேன். போகும் வழியெல்லாம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டு போனேன்: ஆண்டவரே, அது குழாயாக இருக்கக் கூடாது. தோட்ட வேலியில் சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தார்கள். வெள்ளைத் தோலைக் கிழித்துக்கொண்டு கம்பிகள் நாலு பக்கமும் விரிந்து நின்றன. அங்கேயே நின்றபடி கத்தியால் அதை அறுத்து எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மருதனார்மடத்தில் நின்று சரியான கறுப்புக் குழாய் ஒன்று வாங்கினேன். நீ போட்டிருந்த செருப்போடு முதல் நாளே போய் வாங்கி வந்திருக்கக்கூடிய அதே குழாய். அன்று பின்னேரம் அதைச் சைக்கிளில் பூட்டிவிட்டு, வெடித்ததைக் குப்பைக் கிடங்கில் சருகோடு சேர்த்து எரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, அதுதான்.

மூன்றாம் நாள் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தாய். படுக்கச் சொன்னால் படுக்காமல் நேரே சைக்கிளடிக்குப் போனாய். நல்ல கையால் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாய். நான் பின்னால் நின்றேன்.

"குழாய் மாத்தியிருக்கு?"

"விழுந்ததிலை தோல் உரிஞ்சு போச்சு, அதாலை மாத்தினனான்."

"அது வெடிச்சதோ அப்பா? எனக்கு ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது."

"இல்லைப் பிள்ளை, அது நல்லாத்தான் கிடந்தது."

"அப்ப நான் பிரேக் பிடிக்கேல்லையோ?"

இந்தக் கேள்விக்கு நான் சும்மா இருந்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "மாட்டைக் கண்ட பயத்திலை மறந்துபோனாய். உப்பிடி எல்லாருக்கும் வாறதுதான்" என்றேன். நீ பிடியில் இருந்த உன் கையை ஒரு தரம் பார்த்தாய். "நான் பிடிச்சனான் எண்டெல்லே நினைச்சன்" என்று மெதுவாகச் சொன்னாய். பிறகு உள்ளே போய்ப் படுத்தாய். உன் கை உனக்குச் சொன்னதை நீ நம்பவில்லை, என் வாயை நம்பினாய். இயந்திர விஷயத்தில் அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன்னைப் பழக்கியவனும் நான்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தரம் என்னையே கேட்டிருக்கிறேன். வெட்கம் ஒன்று. ஊரில் என் பெயர் இன்னொன்று. மூன்றாவதையும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் இதுவும் அரைப் பொய். பொம்பிளைப்பிள்ளையை ரேஸ் ஓட விடுகிறார் என்று சொந்தத்துக்குள் கதை இருந்தது. எனக்கு அது பிடிக்காவிட்டாலும், உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. நீ இனிச் சைக்கிள் வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் விழுந்த மாதிரி. விழுந்த இரண்டும் உன்னுடையவை: உன் சைக்கிள், உன் கை மேல் உனக்கிருந்த நம்பிக்கை.

அதோடு நிறுத்தினேனா? அதை ஒரு பகிடிக் கதையாக ஆக்கினேன். வீட்டுக்கு யார் வந்தாலும், "மாட்டுக்கு வழி விடத் தெரிஞ்சவள், பிரேக் பிடிக்கத்தான் தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பேன். உன் கலியாண மண்டபத்தில், நிரூபனின் ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளையைத் தாறன், ஆனால் கார்த் திறப்பை மட்டும் கையிலை குடுத்திடாதேங்கோ" என்றேன். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். தலையைக் குனிந்துகொண்டு, மாலையைச் சரி செய்துகொண்டு சிரித்தாய். ஒரு பொய்யைச் சொல்வது ஒரு பாவம், அதைச் சொல்லிச் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைப்பது என்ன பாவம் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது நான் உரத்துத்தான் சொல்வேன். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது யாருக்கும் நோகாது.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை. முடிந்ததும் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளை ஆறு மாதம் என்ரை மடியிலை படுத்துக்கொண்டு, நான் ஏனம்மா பிடிக்கேல்லை, ஏனம்மா பிடிக்கேல்லை எண்டு கேட்டது உங்களுக்குத் தெரியுமே?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. சைக்கிளடியில் கேட்ட அந்த ஒரு தரத்துக்குப் பிறகு நீ என்னிடம் கேட்கவில்லை. "முதல் அவளுக்குச் சொல்லுங்கோ. பிறகு என்னோடை கதையுங்கோ" என்றாள். இன்று காலமை என் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் அவளுக்குச் சொல்லப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன். சறுக்கியது ஒரு நாள்தான், அதற்குப் பிறகு இத்தனை வருடமும் நான் நல்ல நிதானத்தோடுதான் நடந்தேன்.

சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன். கியர் வயர் இரண்டையும் மாற்றிவிட்டேன். பின் பிரேக்குக்குச் சுருள் குழாய் போட்டு, வெட்டிய முனையை அரத்தால் மட்டமாக ராவி, மூடி வைத்துப் பூட்டியிருக்கிறேன். முன் பிரேக்கை நான் தொடவில்லை. அதற்குரிய வயரும் குழாயும் பொதியோடு மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. நீ வந்து வெட்டிய முகத்தைப் பார்த்து, சுருளைக் கண்ணால் கண்ட பிறகு நீயே பூட்டு. நிரூபன் உதவி செய்வார். என்னைக் கூப்பிட்டால் போல்ற் முறுக்கும் சாவி எடுத்துத் தருவேன், அவ்வளவுதான். உனக்குச் சைக்கிள் வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரி, யாருக்காவது கொடுத்துவிடு. ஆனால் பயத்தால் விடாதே.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன்காரன், ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் ஒரு நாள் உன்னிடம், "அம்மா, உது பிழையெல்லே?" என்று கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் பார். அந்த நேரத்தில் மரியாதை போனால் போகட்டும். எனக்கு அந்த ஒரு நிமிடம்தான் கிடைத்தது, நான் கீழே வைக்கவில்லை. இந்தக் கடிதத்தை நிரூபனுக்கும் காட்டு. மண்டபத்தில் சிரித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை, அதை நான் ஒவ்வொருவராக எடுத்துச் சொல்வேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று இப்போது கேட்க மாட்டேன். சோதனைக்கு முதல் உன் தலைக்குள் அந்தப் பாரத்தையும் ஏற்றக் கூடாது. கோபம் வந்தால் கோபப்படு. ஓகஸ்ட்டில் வந்து என்னோடு கதைக்காமல் இருந்தாலும் நான் பேசாமல் உன் சாப்பாட்டுக்கு மீன் வாங்கப் போவேன்.

இனி, நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. சைக்கிளை எடுக்கப் போன அன்று தோட்டக்காரர் ஒருவர் அங்கே நின்றார். "மாடு குறுக்கை வந்த உடனை பிள்ளை பிடிச்சிட்டுது ஐயா. வெடி மாதிரி ஒரு சத்தம். அதுக்குப் பிறகுதான் சைக்கிள் அவவின்ரை சொல்லுக் கேக்கேல்லை" என்றார். ரயர் வெடித்திருக்கும் என்று சொல்லி அவர் பேச்சை மடக்கி அனுப்பினேன். பின் சக்கரம் தேய்ந்த கறுப்புக் கோடு தாரில் கிடந்தது. மாடு நின்ற இடத்திலிருந்து அந்தக் கோடு தொடங்கிய இடம்வரை எட்டி வைத்து நடந்து பார்த்தேன், பதினேழு கவடு. அவ்வளவு தூரத்துக்கு முன்னாலேயே நீ இரண்டு பிரேக்கையும் பிடித்திருக்கிறாய். குழாய் தாங்கியிருந்தால் மாட்டுக்கு இந்தப் பக்கமே நின்றிருப்பாய். ஆட்களை நம்பாவிட்டாலும் இரும்பை நம்பு: பிடிக்காத பிரேக்கின் குழாய் வெடிக்காது. யாரோ தன் முழுப் பலத்தையும் போட்டு இறுக்கினால்தான் அது வெடிக்கும். அந்தப் பிடியில் இருந்தது உன் கை மட்டும்தான்.

நீ பிடிச்சனீ, பிள்ளை. நேரத்துக்குத்தான் பிடிச்சனீ.

அப்பா